காருக்குச் சொட்டை விழுந்தா ஹேர் டிரையரைத் தேடாதீங்க

சனி, ஞாயிறுல அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் அஞ்சு நிமிஷம் நின்னு, ஏற்காட்டுல இருந்து இறங்கி வர்ற கார்களைப் பாருங்க. கதவுல ஒரு சொட்டை, பம்பர்ல ஒரு நசுங்கல், பானட்ல ஒரு குழி. 20 கொண்டை ஊசி வளைவு. ஏர்ற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும்ங்கறது சட்டம். ஆனா அது லைசென்ஸ் டெஸ்ட்டோட மறந்து போற சட்டம். மே மாசக் கோடை விழா சமயத்துல ஏரிக்கரையில பார்க் பண்ணிட்டு வந்தா, பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறந்த வேகம் உங்க கதவுல பதிஞ்சிருக்கும். இது போதாதுன்னு சில்வர் ஓக் கிளை மேல விழும், குரங்கு கூரை மேல குதிக்கும். (அந்தக் காலத்து அம்பாசடர் மேல குதிச்சிருந்தா சொட்டை குரங்குக்குத்தான் விழுந்திருக்கும். அந்த வண்டியும் 2014-லயே நின்னு போச்சு.)

சொட்டை விழுந்த அன்னைக்கு ராத்திரி எல்லாரும் செய்யற வேலை ஒண்ணுதான். மொபைலை எடுத்து வீடியோ தேடறது. ஒரு வெள்ளைக்காரர் ஹேர் டிரையரால சூடு காட்டுவார், அப்புறம் ஐஸ் வைப்பார், 'டொக்'னு சத்தம், சொட்டை காணோம்! நம்மாளு உடனே தங்கச்சியோட ஹேர் டிரையரைத் தூக்கிட்டு ஷெட்டுக்குப் போயிடுவார்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். வீட்டுல எடுக்கக்கூடிய சொட்டை ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தாராளமா நீங்களே எடுங்க. மத்ததுக்கெல்லாம் ரெண்டே வழி: நல்ல கைகிட்ட குடுங்க, இல்லேன்னா அப்படியே விட்டுடுங்க. வீட்டுலயே பட்டி பூசி பெயிண்ட் அடிக்கிற வேலையும் வேணாம், இதுக்குப் போய் இன்சூரன்ஸ் கிளெய்ம் போடற வேலையும் வேணாம். ரெண்டாவது ஏன் வேணாம்ங்கறதுக்குக் கணக்கு இருக்கு. காமர்ஸ் படிக்கிறதுக்கு இதுக்காவது பயன் இருக்கட்டுமே :-)

முதல்ல அந்த ஹேர் டிரையர். இரும்புத் தகடு சூடானா விரியும், உண்மைதான். எவ்வளவு விரியும்? ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்ல ஏறக்குறைய நூத்துல ஒரு பங்கு விரியும். 30 சென்டிமீட்டர் அகலத்துல சொட்டை, 60 டிகிரி சூடு ஏத்தறீங்கன்னு வெச்சுக்குவோம். மொத்த விரிவு 0.2 மில்லிமீட்டர். ஆறிப்போனா அதுவும் திரும்பச் சுருங்கிடும். இதை வெச்சு மடிஞ்சு போன தகடை எப்படிங்க நிமித்த முடியும்? ஸ்கூல் பிசிக்ஸ் புத்தகத்துல இருக்கற விஷயம்தான் இது, நாம பரீட்சையோட விட்டுட்டோம்.

அப்ப வீடியோல எப்படி வந்துச்சு? அது வேற வகைச் சொட்டை. பிஸ்கட் டப்பா மூடியை நடுவுல அமுக்கினா 'டொக்'னு உள்ள போகும், பின்னாடி இருந்து லேசாத் தட்டினா 'டொக்'னு வெளிய வரும் இல்லையா, அந்த மாதிரி. அகலமா, ஆழமில்லாம, ஓரத்துல மடிப்பே இல்லாம உள்ள போயிருக்கும். தகடு நிஜத்துல மடங்கவே இல்லை, ஒரு பக்கமா மாட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். லேசா ஒரு காரணம் கிடைச்சாப் போதும், தானே வெளிய வந்துடும். குரங்கு குதிச்ச கூரைச் சொட்டைல பாதி இந்த ஜாதிதான். கதவு ஓரம் இடிச்ச கூர்மையான சொட்டை அப்படி இல்ல. அங்க தகடு மடங்கி, கொஞ்சம் இழுபட்டு, ஓரத்துல ஒரு வரப்பு மாதிரி மேடும் கட்டியிருக்கும். இப்ப வர்ற நிறைய கார்கள்ல வெளித்தகடு இன்னொரு விசேஷம்: ஃபேக்டரில பெயிண்ட் அடிச்சு அடுப்புல வேக வைக்கிறப்ப, கிட்டத்தட்ட 170 டிகிரில, தகடே இன்னும் கெட்டியாகற மாதிரி செஞ்ச இரும்பு. சொட்டை சீக்கிரம் விழாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விழுந்துட்டாலோ, அதே காரணத்தால சீக்கிரம் எழுந்திருக்கவும் மாட்டேங்கும்.

சில பேர் ஐஸ் பத்தலைன்னு உலர் பனிக்கட்டி வாங்கப் போறாங்க. அது மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையில தொட்டா தோல் வெந்து போகும். ஒரு சொட்டைக்கு விரலைக் குடுக்கணுமா?

இனி எது நிஜமாவே வீட்டுல முடியும்னு பார்ப்போம்.

பிளாஸ்டிக் பம்பர். இதுல மட்டும் சூடு வேலை செய்யும். ஏன்னா இது இரும்பு இல்ல, பாலிபுரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். சூட்டுல இளகும், தன் பழைய உருவத்துக்கு வரத்தான் பார்க்கும். தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சு நசுங்கின இடத்துல நிதானமா ஊத்துங்க. கனமான கையுறை போட்டுக்கிட்டு, உள்பக்கத்துல இருந்து உள்ளங்கையால அமுக்குங்க. விரல் நுனியால குத்தாதீங்க, மூக்கு மாதிரி ஒரு முனை வெளிய வந்துடும். உருவம் வந்ததும் பச்சத்தண்ணி ஊத்தினா அப்படியே நிக்கும். பம்பருக்கு உள்ள கை போற வழி இருக்கான்னும், பார்க்கிங் சென்சார் எங்க இருக்குன்னும் முன்னாடியே பார்த்துக்கங்க. ஏற்காட்டுக்காரங்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரி வாக்குலயே கொதிச்சிடும். பம்பருக்கு அதுவே தாராளம், அடுப்புல இருந்து நேரா எடுத்துட்டு வந்தாப் போதும். குளிர்ல முத்தத்துக்குக் கொண்டு வர்றதுக்குள்ள ஆறிடுது, அது தான் பிரச்சினை.

அப்புறம் ரப்பர் கப்பு. கண்ணாடி தூக்கறவங்க வெச்சிருக்கற மாதிரி கைப்பிடி வெச்ச உறிஞ்சு கப்பு. இல்லாதவங்க பாத்ரூம் அடைப்பு எடுக்கற ரப்பர் பம்பைக் கூட எடுத்துட்டு வருவாங்க, தப்பில்ல, கழுவிட்டு எடுத்துட்டு வாங்க. நான் மேல சொன்ன டப்பா மூடிச் சொட்டைக்கு இது சரியான மருந்து. இடத்தை சுத்தமாக் கழுவி, ஈரத்தோடயே கப்பை ஒட்டி, நேரா இழுக்கணும். இதுலயும் மலை கொஞ்சம் விளையாடும். கப்பு நல்லாப் பிடிக்கிறதே வெளிக்காத்தோட அழுத்தத்தால. 12 சென்டிமீட்டர் கப்பு ஒண்ணு, தியரிப்படி கடல் மட்டத்துல ஏறக்குறைய 115 கிலோ இழுப்பைத் தாங்கும்னா, ஏற்காட்டு உயரத்துல 98 கிலோகிட்டதான். சேலத்துல வந்த சொட்டை மேல வராம அடம் பிடிச்சா காரணம் இதுவா இருக்கலாம் :-) சொட்டை உங்க உள்ளங்கையை விடச் சின்னதாவோ, கதவுல ஓடற அந்தக் கோடு மேலயோ இருந்தா கப்பு உதவாது. டிசம்பர் விடியக்காலைல இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க. குளிர்ந்த பெயிண்ட் வளையாது, வெடிக்கும். வெயில் வந்தப்புறம் பண்ணுங்க.

அவ்வளவுதான். வீட்டு லிஸ்ட் முடிஞ்சது. கூரைச் சொட்டையை உள்ள இருந்து தள்ளலாம்னு மேல இருக்கற துணி லைனிங்கைப் பிடுங்கறவங்க, இப்ப வர்ற வண்டில கூரை ஓரமாத்தான் பக்கவாட்டு ஏர்பேக்கை சுருட்டி வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கங்க. ஸ்க்ரூ டிரைவரை அங்க விட்டு நோண்டறது நல்லதில்ல.

இதைப் படிக்கிறப்ப சில பேருக்கு வீட்டுல பாட்டி காலத்துல வந்த ஆள் ஞாபகம் வரலாம். பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கெடுக்கறவர். ஈயம் பூசறவரும் பெரும்பாலும் அவரே. தலை உருண்டையா இருக்கற வளைஞ்ச கம்பியைக் குடத்துக்குள்ள விட்டு, வெளிய இருந்து மரச் சுத்தியால தட்டுவார். நடுப்பள்ளத்துல ஆரம்பிக்கவே மாட்டார். ஓரத்துல கட்டி நிக்கற மேட்டை முதல்ல தணிச்சு, சுத்திச் சுத்தி உள்ள வருவார். பெயிண்ட் அடிக்காம சொட்டை எடுக்கறோம்னு இப்ப நகரத்துல போர்டு வெச்சு வசூல் பண்றாங்களே, அவங்க பண்றதும் கிட்டத்தட்ட அதேதான். கம்பி ஃபேன்சியா இருக்கும், ஒரு லைட்டை வெச்சு அதோட நிழல் நெளியறதைப் பார்த்துப் பார்த்துத் தள்ளுவாங்க. கை ஒண்ணுதான். குடத்துக்காரர் கையை நாம தெருவுல விட்டுட்டோம், அதே கைக்கு ஏசி ஷெட்டுல டோக்கன் வாங்கி நிக்கறோம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு கதவு. டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்க 3,500 ரூபாய்னு வெச்சுக்குவோம். "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், கிளெய்ம் போட்டுடலாம், உங்க கையில இருந்து ஒண்ணும் போகாது"ன்னு சொல்ற ஆள் எல்லா ஊர்லயும் இருக்கார். போடுங்க. பெயிண்டிங் பில்லுல 25 சதவீதம் பொருள் செலவுன்னு எடுத்து, அதுல பாதியைத் தேய்மானம்னு கழிப்பாங்க. முழு பில்லுமே பெயிண்டிங்னு எடுத்துக்கிட்டா அது ஏறக்குறைய 437 ரூபாய். 1500 சிசி வரைக்குமான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அது எல்லாருக்கும் உண்டு. தேய்மானம் இல்லாத ஆட்-ஆன் வாங்கியிருந்தாலும் அந்த ஆயிரம் உங்க கைக்காசுதான். கடைசியில கம்பெனி குடுக்கறது 2,060 சொச்சம்.

இப்ப போறது என்னன்னு பாருங்க. அஞ்சு வருஷமா கிளெய்ம் போடாத ஆளுக்கு நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம். இது உங்க வண்டிக்கு ஆகற சேதத்துக்கான பிரீமியத்துல மட்டும் கிடைக்கிற தள்ளுபடி. மூன்றாம் நபர் பிரீமியத்துல கிடையாது. அந்தப் பிரீமியம் 8,000-னு வைங்க. நீங்க கட்டறது 4,000. ஒரு கிளெய்ம் போட்டதும் போனஸ் பூஜ்யம். அடுத்த வருஷம் முழு 8,000, அதாவது 4,000 நஷ்டம். அதுக்கடுத்து 20 சதவீதம் தள்ளுபடி, 6,400 கட்டணும், 2,400 நஷ்டம். அப்புறம் 25, 35, 45-னு படிப்படியா ஏறும், நஷ்டம் 2,000, 1,200, 400. ஆறாவது வருஷம்தான் பழையபடி 50. கூட்டிப் பாருங்க: சரியா 10,000 ரூபாய். ஜிஎஸ்டி சேர்க்கலை. வண்டி பழசாக ஆகப் பிரீமியம் குறையும், அதனால நிஜ நஷ்டம் இதைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கும், ஒத்துக்கறேன். போனஸைக் காப்பாத்தற ஆட்-ஆன் தனியா வாங்கினவங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனா 2,060 வாங்கிட்டு அதைப் போல மூணு நாலு மடங்கு திருப்பிக் கட்டறதை எந்தப் பேரேட்டுல லாபம்னு எழுதுவீங்க?

"அப்ப வீட்டுலயே பட்டி வாங்கிப் பூசிடறேன்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். வேணாம்ங்க. பழைய கார் வாங்கறவங்க இப்ப பெயிண்ட் கனம் அளக்கற சின்னக் கருவியோட வர்றாங்க. கம்பெனி பெயிண்ட் ஏறக்குறைய 100-ல இருந்து 150 மைக்ரான் காட்டும். பட்டி பூசின இடத்துல அது பல நூறைத் தாண்டும். பார்த்த உடனே "ஆக்சிடென்ட் வண்டியா?"ன்னு கேள்வி வரும், விலை இறங்கும். சொட்டையோட, ஆனா கம்பெனி பெயிண்டோட நிக்கற கதவு இதைவிட மரியாதையானது. வாங்கறவருக்கு என்ன ஆச்சுன்னு கண்ணாலயே தெரியுது. மூடி மறைச்சதுக்குத்தான் சந்தேகம் கூடும்.

ஸ்ப்ரே பெயிண்ட் விஷயத்துல எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. கடினமா காயற, ரெண்டு பாகம் கலக்கற பெயிண்ட்லயும் கிளியர் கோட்லயும் ஐசோசயனேட்னு ஒரு சரக்கு இருக்கு. அதோட புகை நுரையீரல்ல போனா ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமைன்னு ஆயிட்டா, அப்புறம் துளி பட்டாலே மூச்சு இழுக்கும். இதை வீட்டு ஷெட்டுல, ஜன்னலைச் சாத்திக்கிட்டு, தம்பி தங்கச்சி விளையாடற இடத்துல அடிக்கிறாங்க. சரி, வீட்டுல வேணாம்னு பட்டறைக்குக் குடுத்தா? சேலத்துல எத்தனையோ ஷெட்டுல பதினெட்டு இருபது வயசுப் பையன், அதாவது நம்ம வயசு, மூக்குல ஒரு கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு நாள் முழுக்க அடிச்சுட்டு நிக்கறான். கர்ச்சீப் அந்தப் புகையை நிறுத்தாது. அதுக்குன்னு வடிகட்டி வெச்ச முகமூடி இருக்கு, காத்து வெளியேத்தற அறை இருக்கு. "கதவுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல தர மாட்டேன்"னு நாம பேரம் பேசற அந்தத் தொகையில முகமூடி இல்லாமப் போகுது. அழகு பார்க்கறது நாம, மூச்சு வாங்கறது அவன். அதனாலதான் சொல்றேன், தேவையில்லாத சொட்டைக்குப் பெயிண்ட் அடிக்கவே வேணாம். தேவைன்னா, முகமூடி போட்டு அடிக்கிற கடையாப் பார்த்து, அவர் கேட்கற காசைக் குடுங்க.

"மானம் போகுதே, சொட்டை வண்டியில கல்யாணத்துக்கு எப்படிப் போறது?"ன்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஏற்காட்டுல டாக்ஸி ஓட்டற ஒரு அண்ணன்கிட்ட இருக்கு. அவர் வண்டி பின்கதவுல ஒரு சொட்டை, ரொம்ப நாளா இருக்கு. ஏன் எடுக்கலன்னு கேட்டா, "பட்டறைல விட்டா மூணு நாள் ஆகும் தம்பி, மூணு நாள் வாடகையை யாரு தருவா? சீசன் முடியட்டும்னு பார்த்தேன். சீசன் முடிஞ்சா காசு இல்ல"ன்னு சிரிக்கறார். நமக்கு சொட்டைன்னா 3,500 ரூபாய். அவருக்கு 3,500-ம், மூணு நாள் பிழைப்பும். லேடீஸ் சீட்லயோ பகோடா பாயின்ட்லயோ கதவைத் திறக்கறப்ப பக்கத்துல நிக்கறது யாரோட வண்டின்னு பார்க்காம 'தட்'னு இடிச்சுட்டு, "சாரி பாஸ்"னு போறவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சொட்டையை அப்படியே விடலாம்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பெயிண்ட் வெடிச்சிருக்கக் கூடாது. நகத்தால தடவிப் பாருங்க. கீறல் மாட்டுதுன்னா, உள்ள இரும்பு தெரியுதுன்னா, அதை விடக் கூடாது. ஏற்காட்டுப் பனிக்கும் மழைக்கும் துரு ரொம்ப சீக்கிரம் பிடிக்கும், ஓரத்துல இருந்து பெயிண்டை உப்ப வெச்சுக்கிட்டே போகும். வண்டியோட கலர் கோடு கதவுப் பக்கத்துலயோ பானட் உள்ளயோ ஒரு ஸ்டிக்கர்ல இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பாட்டில் வாங்குங்க, நெயில் பாலிஷ் மாதிரி மூடியிலயே பிரஷ் இருக்கும். துரு இருந்தா மெல்லிய உப்புத்தாளால சுரண்டிட்டு, துடைச்சு, நல்லாக் காஞ்ச அப்புறம் மெல்லிசா ரெண்டு தடவை தொட்டு வைங்க. பார்க்க அழகா இருக்காது. துரு மட்டும் வராது.

குரங்குச் சொட்டைக்கு மட்டும் தனியா ஒரு வார்த்தை. அதுங்க சும்மா குதிக்கிறதில்ல. வளைவுல வண்டியை நிறுத்தி வாழைப்பழம் நீட்டறவங்க இருக்கற வரைக்கும், நிக்கற ஒவ்வொரு காரும் அதுங்களுக்கு ஒரு கடைதான். இந்த மே மாசம் மேல வர்றவங்க தின்பண்டத்தை நீட்டாதீங்க, பிஸ்கட் பாக்கெட்டை டேஷ்போர்டு மேல வெச்சுட்டு இறங்கிப் போகாதீங்க. கண்ணாடி ஏத்தியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு பாக்கெட் மட்டும்தான் தெரியும்.